நிற்க வேண்டிய மீனை இழுத்தவர்

இன்று காலை பூசை முடிந்ததும் தூண்டிலோடு இங்கே சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் கடற்கரைக்குப் போனேன். எங்கள் மாதாகோயிலில் பாடும் சேவியர் அண்ணனும் வேடிக்கை பார்க்க ஒட்டிக்கொண்டார்.

சியாக்காப் என்கிற கொடுவா மீனுக்கு நான் போடுவது மிதக்கும் பொம்மை மீன். தண்ணீரில் விழுந்ததும் அதை அசைக்கக் கூடாது. வளையங்கள் அடங்கும்வரை அப்படியே கிடக்க வேண்டும். பிறகு ரீலை மெதுவாகச் சுற்றி, நிறுத்தி, மறுபடி சுற்ற வேண்டும். நிறுத்தும்போதுதான் மீன் கவ்வும்.

"ஏம்மா, சும்மா கிடக்குதே. இழு லா," என்றார்.

"கொஞ்சம் பேசாம இருங்கண்ணே," என்றேன்.

பொம்மைக்குப் பக்கத்தில் தண்ணீர் பொங்கியது. கனம் கைக்குத் தெரியட்டும் என்று நான் காத்திருந்தேன். அவர் என் கையிலிருந்த தூண்டிலைப் பிடுங்கி ஒரே இழுப்பு இழுத்தார். பொம்மை மீன் பறந்து வந்து எங்கள் காலடியில் விழுந்தது. சியாக்காப் போயே போய்விட்டது.

மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

எங்கள் ஈசூனுக்கு எம்.ஆர்.டி. ரயில் இன்னும் வரவில்லை, பஸ்ஸில்தான் திரும்பினோம். அதில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்கிறார்: "பொம்பளைங்களுக்கு எப்ப இழுக்கணும்னே தெரியாது. நான் இல்லன்னா மீன் அவ்வளவு கிட்டகூட வந்திருக்காது."



அடுத்த ஞாயிறு பூசையில் அவர் தனியாகப் பாடப்போகிறார். நடுவில் மூச்சு வாங்க நிறுத்துவார் அல்லவா, அப்போது மைக்கைப் பிடுங்கி, "ஏண்ணே சும்மா நிக்கிறீங்க, பாடுங்க லா" என்று சொல்லப்போகிறேன்.

முன்வரிசையில் யார் யாருக்கு இடம் பிடித்து வைக்கட்டும்?