பயோடேட்டாவில் காணாமல் போன மேனேஜர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை டிபனுக்கு முன்பே, என் லேப்டாப்பில் ஒரு எம்.பி.ஏ. பட்டத்தை டெலீட் செய்தேன்.

என்னுடையது இல்லை. நான் பி.ஏ.வோடு நிறுத்திக்கொண்டவள் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். டெலீட் ஆனது மல்லிகாவின் எம்.பி.ஏ.தான். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அதையும் எடுத்துடுக்கா" என்று சொன்னதும் மல்லிகாதான்.

மல்லிகாவுக்கு என் வீட்டுக்கு அடுத்த தெரு. இப்போது ஆலங்காயத்துக்காரி என்றாலும் பிறந்தது மலை மேலே, நெல்லிவாசல்நாட்டில் ஒரு சின்ன ஊரில். ஜீப்புக்காகக் காத்திருந்து, அது வராத நாளில் நடந்து, அப்படியே படித்து மேலே வந்தவள். வாணியம்பாடி பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சாதாரண கிளார்க்காகச் சேர்ந்து, தபாலில் எம்.பி.ஏ. முடித்து, ஹெச்.ஆர். மேனேஜர் வரைக்கும் போனாள். கணவர் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வடநாட்டில் இருப்பார். ஒரே பெண், காவ்யா. பதினொன்றாம் வகுப்பு.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கம்பெனி, ஆபீஸ் வேலைகளை மட்டும் சென்னைக்கு மாற்றிக்கொண்டது. வந்தால் அதே பதவி, வராவிட்டால் நன்றி வணக்கம். சென்னைக்குப் போனால் காவ்யாவை ஹாஸ்டலில் விட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு நெருங்குகிற நேரத்தில், அப்பாவும் ஊரில் இல்லாமல், அம்மாவும் இல்லாமல், பெண்ணைத் தனியே விடுவதா? மல்லிகா வேலையை விட்டாள்.

அப்புறம்தான் கதை ஆரம்பம். அந்த வட்டாரத்தில் ஹெச்.ஆர். மேனேஜர் வேலை என்பது மரத்தில் காய்த்துத் தொங்குகிறதா என்ன? கிடைப்பதெல்லாம் சின்ன வேலைகள். "சின்னதுன்னா சின்னது, வூட்டுக்குப் பக்கத்துல கீதுல்ல, அது போதும்" என்று இறங்கி வந்து அப்ளை செய்தாள். திருப்பத்தூரில் ஒரு ஸ்கூல் ஆபீஸ், ஒரு ஆஸ்பத்திரி ரிசப்ஷன், ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங் செக்ஷன்.

ஒருத்தரும் எடுக்கவில்லை.

ஸ்கூலில், "எங்களுக்கு நீங்க ரொம்ப அதிகம்மா" என்றார்களாம். ஜவுளிக்கடை முதலாளி, "நாளைக்கே பெரிய எடத்துல கூப்ட்டா போய்டுவீங்க" என்று கும்பிட்டு அனுப்பினாராம். ஆஸ்பத்திரிக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், குரலைத் தாழ்த்தி, "அங்க ஏதாவது பிரச்சினையாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. மல்லிகாவுக்கு வரவில்லை. "அவங்க சீட்டுல நான் இருந்தா நானும் இதையேதான் கேட்டிருப்பேன்க்கா. இத்தனை வருஷம் கேட்டுக்கினுதானே இருந்தேன்" என்றாள்.

யோசித்துப் பாருங்கள். சாதாரண கிளார்க் ஒருவர் மேனேஜர் வேலைக்கு அப்ளை செய்தால் 'முன்னேறத் துடிக்கிறார்' என்கிறோம். மேனேஜர் கிளார்க் வேலைக்கு வந்தால்? என்ன தப்பு செய்தார், யாரோடு சண்டை, உடம்புக்கு ஏதாவதா... ஏறுகிறவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. இறங்குகிறவரை மட்டும் ஸ்டேஷனில் உட்கார வைத்த மாதிரி விசாரிக்கிறோம்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். எழுதுகிறவர்கள் வீட்டுக்கு ஊரில் என்னென்னவோ கேட்டு வருவார்கள். மனு எழுத, பாராட்டு மடல் எழுத, பயோடேட்டாவைக் கொஞ்சம் பெரிசு பண்ண... இருப்பதைப் பெரிசாக்குவதில் எனக்குப் பழக்கம் உண்டு. சிறிசாக்கித் தரச் சொல்லி ஒருத்தர் வந்தது இதுதான் முதல் தடவை.

லேசு என்று நினைக்காதீர்கள். ஜாக்கெட்டைப் பிடித்துத் தைப்பது போன்ற வேலை. துணியை வெட்டி எறியவும் கூடாது, வெளியே தெரியவும் கூடாது.

உண்மையில் நான் டைப் மட்டும்தான் செய்தேன். வெட்டியதெல்லாம் மல்லிகாதான். எத்தனை பயோடேட்டாக்களைப் பார்த்த கை. 'மேனேஜர்' போய் 'பணியாளர் பிரிவு' வந்தது. 'தொழிலாளர் நலன், பயிற்சி, பேச்சுவார்த்தை ஆகியவற்றுக்குத் தலைமை வகித்தேன்' என்ற நீளமான வரி, 'வருகைப் பதிவு, விடுப்பு, சம்பளப் பட்டியல் பார்த்தேன்' என்று ஆனது. சிறந்த மேலாளர் விருது ஒன்று இருந்தது. அதை அவள் கையிலிருந்த பழைய பிரின்ட்டில் பேனாவால் அடித்தாள்.

எம்.பி.ஏ. வந்தபோது என் விரல் நின்றுவிட்டது.

"அடியே, ராத்திரி ராத்திரி கண்ணு முழிச்சுப் படிச்சதாச்சே."

"படிச்சது மண்டைல கீதுக்கா. பேப்பர்லதான் இருக்க வேணாம்."

"பொய் ஆயிடாதா?"

"எங்க, ஒரு வரி பொய் காட்டுங்க பாக்கலாம். அந்தக் கம்பெனில வேலை செஞ்சேன். சம்பளப் பட்டியல் பாத்தேன். எல்லாம் நெஜம்தானே? மீதிய அவங்க கேட்டா சொல்லப் போறேன். கேக்கலன்னா எதுக்கு?"

டெலீட் அழுத்தினேன்.

சுருங்கிய பயோடேட்டா வேலை செய்தது. ஆலங்காயத்திலேயே மலைச் சரக்கு வாங்கிச் சுத்தம் செய்து பாக்கெட் போட்டு அனுப்பும் ஒரு சின்ன கம்பெனி. சாமை, புளி, தேன். அங்கே ஆபீஸ் அசிஸ்டென்ட் வேலை. இன்டர்வியூவுக்கு உடனே கூப்பிட்டார்கள்.

போய்விட்டு வந்து சிரித்தாள். "ரூமுக்குள்ள நொழஞ்சதும் நேரா மேஜைக்கு அந்தாண்ட பக்கம் போய்ட்டேன்க்கா. கேள்வி கேக்கறவங்க சேர்ல குந்தறதுக்கு. காலு தானா போவுது, நான் இன்னா பண்ணட்டும்?" நல்லவேளை, இன்டர்வியூ எடுத்தவர் அப்போதுதான் போனில் பேசிக்கொண்டு திரும்பி நின்றிருக்கிறார். அவர் பெயர் சம்பத், அங்கே பொறுப்பாளர். ரொம்பக் கேட்கவில்லையாம். கம்ப்யூட்டர் தெரியுமா, கணக்கு எழுதத் தெரியுமா, மலைக்காரங்களோட பேசுவீங்களா. "திங்கட்கெழமை வந்துடுங்கம்மா" என்றிருக்கிறார்.

அத்தோடு முடிந்திருந்தால் எனக்கு இந்த வாரம் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

புளி சீசன் இல்லையா? சம்பத் சனிக்கிழமை மலைக்குப் போனார், சரக்கு பார்க்க. போன ஊர்... ஆமாம், அதேதான். மல்லிகாவின் ஊர்.

எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊர்ப் பிள்ளை யாராவது பாஸானால், வேலைக்குப் போனால், ஃப்ளெக்ஸ் அடித்து ஜீப் நிற்கிற இடத்தில் கட்டிவிடுவோம். பிறகு அந்த ஃப்ளெக்ஸ் என்ன ஆகும்? நல்ல கெட்டியான சாமான். யாரும் தூக்கி எறிவதில்லை. வீட்டுக்கூரைக்குப் போகும், வைக்கோல் போருக்குப் போகும். வெயில் காலத்தில் களத்தில் விரித்துப் புளி காயவைப்பார்கள்.

மல்லிகா மேனேஜர் ஆனபோது அவளுடைய தாய்மாமா ஆளுயரத்துக்கு மேல் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்திருந்தார். பட்டுப்புடவையில் மல்லிகா, பக்கத்தில் கைகூப்பிய மாமா. சம்பத் குனிந்து புளியை ஒரு கை அள்ளிப் பார்த்திருக்கிறார். அடியில் ஒரு கண் தெரிந்திருக்கிறது. இன்னொரு கை அள்ளினால் மூக்கு.

"இந்தம்மாவ எங்கயோ பாத்திருக்கேனே... அட, எங்க ஆபீஸ்ல சேரப் போறவங்களாச்சே" என்றாராம்.

போதாதா மாமாவுக்கு? புளியை இரண்டு கையாலும் ஒதுக்கித் தள்ளி, முழு ஃப்ளெக்ஸையும் காட்டியிருக்கிறார். 'எங்கள் மலையின் முதல் மேனேஜரே, வருக வருக.' எம்.பி.ஏ. உட்பட எல்லாம் கொட்டை எழுத்தில். நானும் அவளும் பேப்பரிலிருந்து உருவிய ஒவ்வொன்றும் களத்தில் மல்லாந்து கிடந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் மாமாவே மல்லிகாவுக்குப் போன் செய்தார். குரலில் அத்தனை பூரிப்பு. "உங்க புது ஆபீஸ்காரரு வந்தாரும்மா. உன்னப் பத்தி ஒண்ணு விடாம சொல்லி வச்சிருக்கேன். அவரு பேச்சே பேசல, வாயடைச்சுப் போய்ட்டாரு."

மல்லிகா எனக்குப் போன் செய்தாள். "போச்சுக்கா" என்றாள். அவ்வளவுதான். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

ஞாயிறு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வேலையும் போனால் சென்னைதான். மனசு மாறினால் வரலாம் என்று பழைய கம்பெனி சென்னையில் அவளுக்காக வைத்திருந்த இடமும் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான். காவ்யாவின் ஹாஸ்டலுக்கு அப்ளிகேஷன் வாங்கிவைத்திருப்பதாகக் கணவரும் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை போனாள். போகாமல் இருந்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். "வரச் சொன்னாங்க, போறேன். அனுப்பிட்டாங்கன்னா திரும்பி வர்றேன்" என்றாள்.

நடந்ததை அவள் சொன்னபடியே தருகிறேன்.

"புளிக்கு அடியில உங்கள பாத்தேம்மா," என்றிருக்கிறார் சம்பத்.

"மாமா சொன்னாருங்க."

"மேனேஜரு, எம்.பி.ஏ. ஒண்ணும் நீங்க குடுத்த பேப்பர்ல இல்லையே?"

"இருந்திருந்தா கூப்ட்டிருப்பீங்களா சார்?"

"மாட்டேன்" என்றாராம் சம்பத்.

நேர்மையான மனிதர். எனக்கு அங்கேயே அவரைப் பிடித்துவிட்டது.

"சரி, நாளைக்குப் பெரிய கம்பெனி கூப்டுதுன்னு வச்சுக்கோங்க. போய்டுவீங்கதானே?"

வேறு யாராக இருந்தாலும் 'ஐயோ, போகவே மாட்டேன் சார்' என்று சத்தியம் செய்திருப்பார்கள். மல்லிகா செய்யவில்லை. "போவேன் சார். ஆனா இப்ப இல்ல. எம் பொண்ணு பன்னெண்டாவது எழுதி முடிக்கற வரைக்கும் யாரு கூப்ட்டாலும் போவ மாட்டேன். அதுக்கப்புறம் இன்னான்னு எனக்கே தெரியாது. இதுக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவங்க எவ்ளோ நாள் இருந்தாங்க சார்?"

பழக்கதோஷம். இன்டர்வியூ திசை மாறிவிட்டது.

சம்பத் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். கடைசியாக இருந்த பையன் வேலையைக் கற்றுக்கொண்டதும் ஓசூருக்குப் போய்விட்டான். அதற்கு முந்தினவன் போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை, ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். அதற்கும் முந்தின பெண் கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். எல்லாரும் தகுதிக்குச் சரியாகப் பொருந்தியவர்கள். பொருந்தியவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் கிளம்பிப் போயிருக்கிறார்கள்.

சொல்லி முடித்துவிட்டு அவரே யோசித்திருக்கிறார். "ஒரு வருஷம் முழுசா யாருமே இருந்ததில்லம்மா இங்க" என்று சொல்லி ஆபீஸ் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாராம். "ஒண்ணே ஒண்ணு. உங்க மாமாகிட்ட, இங்க அசிஸ்டென்ட் வேலைதான்னு சொல்லிடாதீங்க. அவரு எனக்குப் புளி குடுக்க மாட்டாரு."

அன்று என் வீட்டில் கேசரி. சந்தோஷம் வந்தால் எனக்கு ரவைதான் ஞாபகம் வரும்.

இதையெல்லாம் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான். 'ஓவர் குவாலிஃபைட்' என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அனுப்பலாம்: எத்தனை நாள் இருப்பீங்க? அதற்குக் காரணத்தோடு பதில் சொல்கிறவரை நம்பலாம். சின்ன வேலைக்கு வருகிற எல்லாருமே சறுக்கி விழுந்தவர்கள் இல்லை. சிலர் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துத்தான் இறங்குகிறார்கள்.

மல்லிகா இப்போது தினமும் அந்த ஆபீஸுக்கு நடந்தே போகிறாள். சம்பளத்தைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. முகம் தெளிந்திருக்கிறது. அது போதும் எனக்கு.

நேற்று மாவு அரைக்கப் போன இடத்தில் காவ்யாவைப் பார்த்தேன். யாருக்காக இத்தனையும் நடந்ததோ, அந்தப் பெண். அம்மா பக்கத்திலேயே இருப்பது சந்தோஷம்தானே என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னா பெரிம்மா நீங்க. முன்னாடியெல்லாம் எங்கம்மா வூட்டுக்கு வர்றதுக்கு இருட்டிடும். இப்ப அஞ்சரைக்கே வந்து எதிர்ல குந்திக்கினு, 'படிச்சியா, படிச்சியா'ங்கறாங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் ஹாஸ்டலுக்கே போயிருப்பேன்."

இதை நான் மல்லிகாவிடம் சொல்லவில்லை... அவள் கேட்கட்டும், சொல்கிறேன்.