தீர்மானத்துக்குக் கீழே முதல் கையெழுத்து

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், கல்லூரியும் முடித்தவள் நான். இதை அடக்கமாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். பேனாவைத் திறக்கும்போதே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

திருவெள்ளறை சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஊர் எங்களுடையது. ஏரிக்கரையை ஒட்டி நிலம் வாங்கி ஒரு தண்ணீர்க் கம்பெனி வந்தது. ஆழ்துளைக் கிணறு போட்டு, பாட்டிலிலும் கேனிலும் அடைத்து, ஸ்ரீரங்கத்து லாட்ஜுகளுக்கும் மலைக்கோட்டைக் கடைகளுக்கும் அனுப்பியது. அடுத்த கோடையில் எங்கள் ஊராட்சிக் குழாயில் காற்றுதான் வந்தது. கம்பெனி இன்னும் இரண்டு கிணறு போட அனுமதி கேட்டிருப்பதாகத் தெரிந்தது. அதையும் போட்டுவிட்டால் ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது.

கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போடலாம் என்று வீடு வீடாகச் சொன்னவள் நான். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போனேன். ஊராட்சி கிளார்க் வாசலில் மேசை போட்டு நோட்டை நீட்டினார். எங்கள் ஊரில் எப்போதும் அப்படித்தான்: முதலில் கையெழுத்து, பிறகு கூட்டம். தீர்மானத்தை அவர் மறுநாள் சாவகாசமாக எழுதிக்கொள்வார்.

பக்கத்தின் மேல்பாதி வெறுமையாக இருந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்ள முடியாது.

"மேல ஒண்ணும் எழுதலீங்களே சார்?"

"பேசி முடிச்சப்புறம்தானம்மா எழுத முடியும்? படிச்சவங்க நீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

படித்தவள் என்றது போதுமாக இருந்தது. முதல் ஆளாக, ஆங்கிலத்தில், போட்டேன். அதோடும் விடவில்லை. மைப்பெட்டியைத் தேடிய பெண்களிடம், "ரேகை வேணாம்க்கா, பேரை எழுதுங்க, அப்பதான் மதிப்பு" என்றேன். நான் கற்றுக்கொடுத்த தன் பெயரை அம்மா எழுதி முடிக்கும்வரை வரிசை நின்றது. "பரீட்சையா எழுதுற? சீக்கிரம் போடுடி, டீ ஆறுது" என்று பின்னாலிருந்து எதிர்வீட்டுப் பெரியம்மா கத்தினாள்.

கூட்டத்தில் கம்பெனியைத் திட்டித் தீர்த்தோம். ஊராட்சித் தலைவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கொஞ்ச நாளில் கிணறு தோண்டும் லாரி கம்பெனிக்குள் போனது. திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் நாங்கள் ஏழு பேர் பஸ் ஏறித் திருச்சி கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். மனுவை வாங்கிய அதிகாரி, கோப்பை வரவழைத்துப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்லயே சம்மதிச்சிருக்கீங்களேம்மா" என்று ஒரு நகலை என் பக்கம் திருப்பினார்.

"என்ன போட்டிருக்கு பாப்பா? சத்தமா படி" என்றாள் பெரியம்மா.

படித்தேன். கூடுதல் ஆழ்துளைக் கிணறுகள் அமைப்பதில் ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கீழே முதல் பெயர் என்னுடையது. அடுத்து வரிசையாக, கோணல் எழுத்துகளில், என்னோடு நின்றிருந்த அத்தனை பேரும்.

அதிகாரி மரியாதையானவர். விசாரிக்கச் சொல்வதாகச் சொல்லி, மனுவுக்கு ரசீதும் கொடுத்தார்.

திரும்பும் பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது. பிறகு பெரியம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "எங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஒனக்குத் தெரியும்ல?"

கிளார்க்கிடம் போய்ச் சண்டை போட்டேன். "கையெழுத்து உன்னுதுதானம்மா?" என்று மட்டும் கேட்டார். விசாரணை இன்னும் நடப்பதாகச் சொல்கிறார்கள். புதுக் கிணறுகள் இரண்டும் ஓடுகின்றன.

இந்த வருஷம் கம்பெனி தன் கேட்டுக்கு வெளியே ஒரு குழாய் வைத்து, ஊர் மக்களுக்கு இலவசம் என்று போர்டு மாட்டியது. ஒரு வீட்டுக்கு இரண்டு குடம், வாட்ச்மேன் எண்ணுவார். நான் அங்கே போகமாட்டேன் என்றேன். அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நம்ம ஊர்த் தண்ணிதானே? வாங்குறதுக்கு நான் ஏன் வெக்கப்படணும்? அவன்ல படணும்."

அம்மா வரிசையில் போய் நிற்கிறாள். அந்தத் தண்ணீரில் பொங்கிய சோற்றைத்தான் நானும் சாப்பிடுகிறேன். இப்போதெல்லாம் மனு எழுதித் தரச் சொல்லி யாரும் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.