பைல் உட்கார்ந்து போன பஸ்

போன வாரம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பையோடு காரைக்குடி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். செட்டிநாட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மனுஷி எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று உங்களுக்கே தெரியும். வண்டி வந்தது. சன்னலோரமாக ஒரு சீட் காலி. என் கை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாம்பூலப் பையைச் சன்னல் வழியாக அந்த சீட்டில் போட்டுவிட்டது. அப்புறம் நான் நிதானமாக, இடம் உள்ளவளின் நடை நடந்து படியேறினேன். அங்கே காதில் எதையோ மாட்டியிருந்த ஒரு பெண் என் பையை இரண்டு விரலால் தூக்கி நீட்டினாள்.

"ஆன்ட்டி, ஒங்க பை உள்ள விழுந்துருச்சு."

கொடுத்துவிட்டு அதே சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். ரிட்டயர் ஆகிப் பல வருஷமான என்னை ஆன்ட்டி என்றாளே, அதற்காகவே சண்டை போடாமல் விட்டேன். பைக்குள் முழுத் தேங்காய் ஒன்று இருந்ததும், அது யார் மண்டையிலும் விழாததும் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சன்னல் வழியாக இடம் போடுவது ஒரு காலத்தில் இங்கே சட்டம். எழுதி வைத்ததில்லை, ஆனாலும் மீறியவர்கள் கிடையாது. கைக்குட்டைக்குக் கொஞ்சம் மரியாதை, காற்றில் பறந்தால் அதுவும் போச்சு. துண்டு என்றால் பரவாயில்லை. கனமான சாமான் என்றால் பேச்சே இல்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கைக்குழந்தையையே சன்னல் வழியாக உள்ளே கொடுத்து இடம் போட்டிருக்கிறார். குழந்தை அழுதது, ஆனால் இடம் நிலைத்தது. நானும் ஒரு பொருளைப் போட்டேன். அதோடு என் பிழைப்பே போகப் பார்த்தது.

எங்கள் ஊர் ஆற்றுக்கு மேற்கே. ஆறு என்றதும் தண்ணீரை நினைத்துவிடாதீர்கள். மணலும், கருவேல முள்ளும், நாலைந்து ஆடுகளும்தான் ஆறு. என்றைக்கோ ஒருநாள் வெள்ளம் வந்து தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அதன்பிறகு தண்ணீரும் வரவில்லை, பாலமும் வரவில்லை. எங்கள் பக்கத்து வண்டி மேற்குக் கரையில் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து அக்கரை போனால், புளியமரத்தடியில் காரைக்குடி வண்டி நிற்கும். அதற்குப் பின்னால் சுத்து வண்டி. அது ஊர் ஊராக நுழைந்து கானாடுகாத்தான் பக்கம் போவது. இரண்டும் ஒரே முதலாளியுடையவை, ஒரே பச்சை நிறம்.

எனக்குக் காரைக்குடியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. பதினைந்து நாளைக்குள், காலை பத்து மணிக்குள், ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு போய்ச் சேர வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த பெயர். வீட்டில் இன்னொரு பட்டியலும் இருந்தது: வேலை இல்லையென்றால் ஆவணியில் அத்தை மகனோடு கல்யாணம். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வாயைத் திறந்தால் மோட்டார் பம்ப்செட்டைத் தவிர வேறு எதுவும் வராது. எனக்கு வேலை வேண்டும் என்று அவ்வளவு வெறி ஏன் வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆர்டர் வந்த அன்றே கிளம்பியிருக்கலாம். அப்பா விட்டால்தானே. பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாகக் கழித்தார். திங்களும் சனியும் கிழக்கே சூலம். ஒருநாள் அஷ்டமி, மறுநாள் நவமி. ஒருநாள் கரிநாள். எல்லாம் சரியாக அமைந்த ஒரு புதன்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் தும்மிவிட்டார். கடைசியில் மிஞ்சியது பதினைந்தாவது நாள், வெள்ளிக்கிழமை.

"பத்தரைக்குத்தான் ராகு காலம். அதுக்குள்ள கையெழுத்துப் போட்ருவ. எதுக்குப் பதறுற?" என்றார்.

அன்று மேற்குக் கரையில் இறங்கியதும் அப்பா மத்தியானச் சோற்று வாளியைப் பிடித்துக்கொண்டு, "நீ முந்தி ஓடி எடம் போடு" என்றார். ஓடினேன். மணலில் ஓடுவது எப்படி என்று ஓடியவர்களுக்குத் தெரியும்; கால் முன்னே போகும், ஆள் போகமாட்டோம். முன்னால் நின்ற பச்சை வண்டியில் சன்னலோரம் ஒரு சீட் காலி. கைக்குட்டை சரிவராது, அது முன்பே இரண்டு முறை என்னை ஏமாற்றியிருக்கிறது. கையில் இருந்த நீல பைலைத் தூக்கி உள்ளே போட்டேன். 'அப்பாடா' என்று செருப்பை மாட்டிக்கொண்டு, வண்டியைச் சுற்றி மறுபக்கத்துப் படிக்கு வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பின்னால் எழுதியிருந்ததை அப்போதுதான் படித்தேன். கானாடுகாத்தான். காரைக்குடி வண்டி டயர் மாற்றிக்கொண்டு பின்னால் நின்றிருக்கிறது.

புழுதியில் நின்று கத்தினேன். அப்பா மூச்சிரைக்க வந்து கேட்ட முதல் கேள்வி, "எடம் கெடச்சுச்சா?"

"எடம் கெடச்சிருச்சுப்பா. வண்டிதான் வேற."

என் அழுகையைப் பார்த்துக் காரைக்குடி வண்டிக் கண்டக்டர் பாண்டி அண்ணன் இறங்கி வந்தார். அப்பா அவரைப் பிடித்துக்கொண்டார். "என்னய்யா, ஆளு ஏறுறதுக்குள்ள எடுத்துட்டுப் போறீக?"

"நீங்க சும்மா இருங்கய்யா. தாயி, பைலு எங்குட்டும் போகாது, காரைக்குடிக்கு வந்து சேந்துரும். எடம் போட்ட சாமான யாரு தொடப் போறா? வண்டியில ஏறு."

காரைக்குடி வரும்வரை எதிரே வந்த வண்டிகளையெல்லாம் எங்கள் டிரைவர் நிறுத்தி, பைலைப் பற்றிச் சொல்லி அனுப்பினார். அந்தக் காலத்தில் இரண்டு பஸ்கள் எதிர்ப்பட்டால் சன்னலும் சன்னலுமாக நின்று பேசிவிட்டுத்தான் நகரும். மாத்திரை கைமாறும், பூ கைமாறும், யார் வீட்டுப் பெண்ணுக்கோ ஆண் குழந்தை என்ற செய்தியும் கைமாறும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தால் அவர்களுக்கும் செய்தி சொல்லப்படும். அன்று கைமாறியது என் மானம். ஒரு கிறுக்குப் பெண் பைலைத் தூக்கிப் போட்ட கதை ஒன்பதே காலுக்கு எனக்கு முன்பே காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. டீக்கடைக்காரர், "அந்தப் பைலு புள்ள நீதானா?" என்றார்.

பைலுக்காக நின்றோம். ஒன்பதரை. அப்பா பஸ் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து, "அந்தப் புதன்கெழமயே போயிருக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

சுத்து வண்டியில் நடந்ததைப் பிறகு அதன் கண்டக்டர் எனக்கு ஆயுசு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். வண்டியில் நிற்க இடமில்லாத கூட்டம். சன்னலோரத்தில் என் பைல் மட்டும் தனியாக, காற்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. கத்தரிக்காய்க் கூடையோடு ஏறிய ஒரு அம்மாள் உட்காரப் போக, நாலு பேர், "ஆளு இருக்குல்ல, பைலு தெரியலயா?" என்று தடுத்திருக்கிறார்கள். அவரும், "அட, நான் பாக்கலப்பா" என்று கூடையை இடுப்பில் இடுக்கி நின்றுகொண்டார். ஆளைக் காணோமே என்று ரெண்டு ஊர் தாண்டிக் கண்டக்டர் பைலைத் திறந்து, ஆர்டரைச் சத்தம் போட்டுப் படித்தார். என் பெயர், அப்பா பெயர், பத்து மணி, எல்லாம் பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது. கத்தரிக்காய் அம்மாள்தான் முதலில் பதறினார். "அய்யோ, புள்ள வேல போயிருமே! வெரசாப் போகச் சொல்லுங்கய்யா!" தான் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். கானாடுகாத்தான் விலக்கில், ரோடு பிரிகிற இடத்தில், காரைக்குடி போகும் வண்டியை நடு ரோட்டில் மறித்து, பைலை ஏற்றினார்கள். அந்தக் கண்டக்டரும் அதைச் சன்னலோரத்தில்தான் உட்கார வைத்தார்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அந்த வண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. படியில் நின்ற கண்டக்டர் கத்தினார்: "வழி விடுங்கய்யா, மொதல்ல பைலு எறங்கட்டும்!"

பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அலுவலகத்துச் சுவர்க் கடிகாரத்தில் பத்துக்கு இரண்டு நிமிடம். தலைமை எழுத்தர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சர்டிபிகேட்டுகளைப் புரட்டினார். நடுவில் ஒரு பஸ் டிக்கெட். செக்கிங் ஏறினால் வம்பு, சீட்டில் இருப்பது எதுவானாலும் டிக்கெட் வேண்டும் என்று சுத்து வண்டிக் கண்டக்டர் கிழித்துச் சொருகியது.

"கானாடுகாத்தான் வழியாவா வந்தீக?"

"நான் இல்ல சார். பைலு மட்டும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இப்படியொரு பெண்ணை வேலைக்குச் சேர்க்கலாமா என்று யோசித்திருப்பார். ஆனாலும் பேனாவை நீட்டினார். அத்தை மகன் பம்ப்செட்டைப் புரிந்துகொள்ளும் வேறொரு பெண்ணைக் கட்டி நன்றாக இருக்கிறார்.

இப்போது ஆற்றின்மேல் பெரிய பாலம் இருக்கிறது. ஆறு முன்போலவே மணலாகக் கிடக்கிறது. வீட்டு வாசலில் ஏறினால் காரைக்குடியில் இறங்கலாம். மணல் நடை இல்லை, புளியமரம் இல்லை, பச்சை வண்டிகள் இல்லை. போன வாரம் அந்த பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி பார்த்தேன். எதிரே ஒரு வண்டி வந்தது. இரண்டு டிரைவர்களும் ஆளுக்கொரு விரலைத் தூக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான், கடந்து போய்விட்டது. சீட்டில் இருந்த பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? எனக்கு அந்தக் கத்தரிக்காய் அம்மாளின் நினைவாகவே இருந்தது. அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. பெயரும் தெரியாது. என் வேலைக்காகத் தன் ஊரைத் தாண்டிப் போய்க் கூடையோடு திரும்பி நடந்தவர். அவருக்கு ஒரு வார்த்தை நன்றி நான் சொல்லவில்லை.

என் பைல் சன்னலோரத்தில் உட்கார்ந்து போன அதே ரோட்டில், காரைக்குடி வரை நான் நின்றுகொண்டே போனேன்.