வலது மூலை

அப்பா இறந்த பிறகு, சுவரில் மாட்ட அவர் தனியாக எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. தாய்மாமன் மகள் கல்யாணத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைக் குரூப் போட்டோவிலிருந்து ஸ்டூடியோக்காரர்கள் தலையை மட்டும் வெட்டியெடுத்து, மீசைக்கு மை தீட்டி, அவர் ஆயுளில் போட்டறியாத ஒரு கோட்டையும் மாட்டிக் கொடுத்தார்கள். அம்மா ஒரு தரம் பார்த்தாள்.

"ஆரு இது, பேங்கு மேனேஜரா?"

மாலை போட்டாள், பொட்டு வைத்தாள். அதற்குப் பிறகு அந்தச் சுவரை அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. சில மாதம் கழித்து, தறிக்கூடத்தில் துணி மடித்துக்கொண்டே, "அவரு மொகம் எனக்கு மறந்துட்டு வருது கண்ணு" என்றாள். ஏதோ மளிகை தீர்ந்துபோனதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

நான் அப்போது சோமனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். கல்லூரியில் படித்தபோது டார்க் ரூமில் பிரிண்ட் போடக் கற்றிருந்தேன். வேலை தெரியும், மெஷின்தான் இல்லை. கல்யாணத்தைப் படம் எடுத்தவரிடம் நாலு தடவை நடந்து நெகட்டிவை வாங்கிவிட்டேன். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"வெட்டாமப் போடு. ஒதுங்கி நின்ன மனுசன், ஒதுங்கியே நிக்கட்டும்."

அது பழைய கோபம். பொண்ணுக்கு மாமா அவர். நடுவில், மாப்பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டியவர். படத்தில் வலது மூலையில், வழிப்போக்கர்போல் நிற்கிறார். அம்மா, தன் பிறந்த வீட்டை அவர் மதிக்கவில்லை என்று பத்து வருடமாகச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஊரெல்லாம் கலர் லேப் வந்துவிட்டது. நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும், ஸ்டூடியோக்காரர்கள் கழித்துக்கட்டிய என்லார்ஜர்கள் உக்கடத்தில் ஒரு பாய் கடையில், பழைய ரேடியோக்களோடு கிடந்தன. நான் போன அன்று இரண்டு இருந்தன. ஒன்று வெளிநாட்டுச் சரக்கு, பச்சை நிறமும் பளபளக்கும் குமிழ்களுமாக. மற்றது நம்மூர் லேத்துப் பட்டறையில் யாரோ செய்தது. பெயிண்ட் உரிந்து, சொறி பிடித்த மாதிரி இருந்தது.

"நெகட்டிவ் கொண்டாந்திருக்கீங்களா அம்மணி, போட்டுப் பாக்கலாமுங்க" என்றார் பாய்.

இருப்பதே ஒரு நெகட்டிவ். அதைக் கண்ட மெஷினிலும் நுழைத்துக் கீறல் வாங்க நான் தயாரில்லை. கைப்பையிலிருந்து மெல்லிய காடாத் துணித் துண்டு ஒன்றை எடுத்தேன். கூடவே தறிக்காரர்கள் எல்லோரிடமும் இருக்கும் பிக் கிளாஸ். அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவதற்கான மடக்குக் கண்ணாடி அது.

"போட்டோ மெசினுக்குத் துணி கொண்டாந்தது நீங்க ஒருத்தருதானுங்க" என்று பாய் சிரித்தார்.

நெகட்டிவ் வைக்கும் இடத்தில் துணியை வைத்து விளக்கைப் போட்டோம். கீழே பலகையில் இழைகள் கயிறு கயிறாக விழுந்தன. பிக் கிளாஸை வைத்துக் குனிந்தேன். பச்சை மெஷினில் நடுவில் ஒவ்வொரு இழையும் எண்ணிக்கொள்ளலாம் போலிருந்தது. மூலைக்குப் போனால் எல்லாம் கஞ்சியாகக் கரைந்துபோனது. ஆள் பகட்டு, காரியம் பூஜ்யம்.

"மாப்பிள்ளையும் பொண்ணும் நடுவுலதானுங்க இருப்பாங்க. ஓரத்த ஆருங்க பாக்கறாங்க?" என்றார் பாய்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாந்தானுங்க பாக்கறேன்" என்றேன்.

பட்டறை மெஷினுக்குத் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பஸ் டிக்கெட்டை மடித்து, அதைத் தாங்கும் தூணுக்கு அடியில் செருகினேன். வலது மூலை தெளிந்தது, இடது மூலை மங்கியது. மாற்றிச் செருகினால் அது தெளிந்து இது மங்கியது. ஒரு மணி நேரம் இப்படியே போனது. பாய் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "நாலு மூலையும் வேணும்னா புதுசுதானுங்க வாங்கோணும்" என்றார்.

"எனக்கு ஒரு மூலை போதுமுங்க பாய்."

"அங்க ஆருங்க நிக்கறாங்க?"

"எங்கப்பாங்க. இப்ப இல்லைங்க."

பாய் தானே குனிந்து, டிக்கெட்டை இன்னொரு மடிப்பு மடித்துச் செருகி, திருகாணியை இறுக்கினார். "இனி இதக் கழட்டிப்போடாதீங்க" என்றார். பஸ்ஸில் அந்த மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சோமனூர் வருவதற்குள் கால் மரத்துவிட்டது.

அடுத்த வம்பு வீட்டில் காத்திருந்தது. தறி ஓடினால் தரையே அதிரும், அதிர்ந்தால் படம் கலங்கும். மூன்று பிரிண்ட் பாழானதைப் பார்த்துவிட்டு அம்மா எழுந்து போனாள். சத்தம் அடங்கியது. அப்பா இறந்த மூன்றாம் நாளே தறியை ஓடவிட்டவள் அவள். "நிறுத்திப்போட்டேன். போய் வேலையப் பாரு" என்றாள்.

குளியலறை ஜன்னலை மறுபடி கம்பளியால் மூடிப் பிரிண்ட் போட்டேன். டெவலப்பர் தட்டில் முதலில் தலைமுடி வந்தது, பிறகு காது, பிறகு அவர். கூச்சத்தோடு பாதி திரும்பிய முகம், அவருடைய சொந்த மீசை. அழகாகத்தான் வந்திருந்தது, தோள் துண்டின் ஓரத்தில், வெள்ளைச் சட்டையில் ஒரு கறுப்புப் புள்ளி தவிர. நெகட்டிவில் தூசி இருந்தால் படத்தில் வெள்ளையாக விழும், ஊசி முனையளவு ஓட்டை இருந்தால் கறுப்பாக விழும். ஓட்டை என்று முடிவுகட்டி, காய்ந்த படத்தில் அதைச் சுரண்டப் பிளேடை எடுத்தேன்.

"இரு, நா பாக்கறேன்" என்று அம்மா பிக் கிளாஸை வாங்கி, துணி பார்ப்பதுபோலவே படத்தின் மேல் வைத்துக் குனிந்தாள். அப்பாவின் முகத்திலேயே கண்ணாடியை நெடுநேரம் வைத்திருந்தாள். பிறகு கண்ணாடி மெல்லக் கீழே இறங்கியது.

"ஓட்டையில்ல கண்ணு. பித்தான்."

எனக்குப் புரியவில்லை.

"கலியாணத்துக்குப் பொறப்படறப்ப பித்தான் அந்துபோச்சு. அவசரத்துக்கு வெள்ளை அகப்படல, கறுப்ப வெச்சுத் தெச்சுட்டேன். 'இதோட எப்படிப் போறது'ன்னாரு. 'துண்டப் போட்டு மறைச்சுக்குங்க, எங்க ஊட்டு ஆளுக முன்னால மானத்த வாங்காதீங்க'ன்னேன்." கண்ணாடியைப் படத்தின் நடுவுக்கு நகர்த்தினாள், மறுபடி ஓரத்துக்குக் கொண்டுவந்தாள். "நடுவுல வந்து நில்லுங்கன்னு எங்கண்ணன் எத்தன வாட்டி கூப்புட்டாரு. இதுக்குத்தானா வரல? பத்து வருசம் சொல்லிக்காட்டுனனே, ஒரு வார்த்தை சொல்லலையே மனுசன்."

அம்மா அழுதாள். நானும் அழுதேன். அழாமல் என்ன செய்வது?

உயிரோடு இருக்கிறவர்களும் நிற்கும் படம் என்பதால் அதற்கு மாலை போடவில்லை. அம்மா அதைத் தன் பீரோவில், சேலைகளுக்கு மேலே வைத்துக்கொண்டாள். அதற்கெல்லாம் முன்பு, அன்று அழுது முடித்துத் தறியை ஓடவிட எழுந்து போனவள், கதவருகே நின்று என் கையில் இருந்த பிளேடைப் பார்த்தாள்.

"அதச் சொரண்டிப்போடாத கண்ணு."