மழை விழுந்தால் திரும்பலாம்

தொண்ணூறுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டை நூல் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மனைவியுடன் வாடகைக் காரில் மூன்று வாரம் கடற்கரை ஊர்களைச் சுற்றக் கிளம்பினேன். பிடித்த ஊரில் தங்குவோம், பிடிக்காவிட்டால் நகர்வோம், அவ்வளவுதான் திட்டம்.

டிரைவர் முத்திருளாண்டி நரிக்குடிப் பக்கத்து மானாவாரி விவசாயி. "அண்ணாச்சி, நம்மூர்ல மழை விழுந்துட்டா மட்டும் திரும்பிருவோம். ஈரம் காயுறதுக்குள்ள வெதைக்கணும். வீட்டுல வேற ஆளில்ல" என்றார்.

"ஆகட்டும்யா" என்றேன்.

எட்டாம் நாள், கொல்லம் கடற்கரை எஸ்டிடி பூத்திலிருந்து கடைக்குப் பேசினேன். "நரிக்குடிப் பக்கமெல்லாம் ரெண்டு நாளா நல்ல மழைண்ணே" என்றான் தம்பி.

வெளியே வந்ததும் முத்திருளாண்டி, "மழையாமா அண்ணாச்சி?" என்று கேட்டார். என் மனைவி அலையில் கால் நனைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இல்லையாம்" என்றேன்.

திரும்பும்போது அவர் ஊர் வழியாக வந்தோம். சுற்றிலும் பயிர் முளைத்திருந்தது. அவர் நிலம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. காரை நிறுத்தி அதையே பார்த்தார். பிறகு, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்:

"மதினி கடல நல்லா பாத்தாகல்ல?"

அந்தப் பயணத்தில் எங்கள் இஷ்டத்துக்கு எத்தனையோ முறை வழியை மாற்றினோம். அவருக்காக ஒருமுறை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.