மூன்று முறை இழுத்த பூட்டு

செய்தியைச் சொன்னது என் மகள் செல்வி. கதவைப் பாதி திறந்து, "மும்தாஜ் அக்கா தவறிப் போயிட்டாங்கப்பா" என்றாள். உடனே சாத்திக்கொண்டாள்.

செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்தவர். என்னைவிட இளையவர்தான். நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பயம்.

பத்து வருடத்துக்கு முன்னால், பெண் கேட்டு வந்து நான் மறுத்துவிட்ட ஒருவன் செல்வியைத் தூக்கிக்கொண்டு போய், மாமல்லபுரம் பக்கம் சவுக்குத் தோப்பு வீடொன்றில் ஆறு நாள் அடைத்துவைத்தான். போலீஸ் மீட்டு வந்தது. சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் வந்து, காபி குடித்துவிட்டு, "அவனுக்கே கட்டி வெச்சிடேன்பா" என்றார்கள். நான் தலையாட்டவில்லை. ஆனால் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அது செல்விக்கும் தெரியும்.

எட்டாவதுவரை படித்த நெல் கிடங்குக் காவலாளியான எனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு பூட்டு. கிடங்கிலிருந்தே பெரிய பூட்டாக ஒன்றைக் கொண்டுவந்தேன். காலையில் செல்வியை உள்ளே விட்டுப் பூட்டி, தொழில் பழக்கத்தில் மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவேன். திரும்பி வந்ததும், "அப்பா, தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்பாள். பிள்ளைக்கு அடக்கம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

தைத்த துணியைக் கொடுக்க வந்த அக்கா பூட்டைப் பார்த்திருக்கிறார். நேரே கிடங்குக்கு வந்து மூட்டை தூக்குகிறவர்கள் நடுவில் நின்று கத்தினார்.

"இன்னா அண்ணாத்த, பொண்ண நெல்லு மூட்டையாட்டம் பூட்டிகினு வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். வழக்கம்போல நானும் சிரித்தேன்.

"சிரிக்காத. அவன் ஆறு நாள் பூட்டினான். நீ மூணு மாசமா பூட்டிகினு கீற. அந்தப் பொண்ணுக்கு இன்னா வித்தியாசம் தெரியும்?"

அப்போதே என்னை வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். பூட்டின் மேல் என் கை பட்டதும் உள்ளே பாத்திரம் விழுந்தது. திறந்தால், செல்வி மூலையில் சுருண்டு கிடந்தாள். அக்கா என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி அவள் கையில் வைத்தார். "நீயே உள்ளாற பூட்டிக்கோ. இனிமே உங்கப்பன் வெளிய நின்னு தட்டட்டும். புடிச்சா தொற. புடிக்கலன்னா கெடக்கட்டும்."

அன்று வேலை முடிந்து வந்து நான் தட்டினேன். திறக்கவில்லை. மறுநாளும் இருட்டும்வரை படியில் கிடந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

வாசல்வரை வர அவளுக்கு ஒரு மாதம் ஆனது. அக்காவின் தையல் கடைக்குப் போக ஒரு வருடம். அங்கே ஒருத்தி, "அந்தப் பொண்ணா இது?" என்று கேட்டாள். அவள் தைக்கக் கொடுத்த துணியை அக்கா அவள் மடியிலேயே வீசினார். "வேடிக்கை பாக்க சர்க்கஸுக்குப் போ." இன்றும் சைக்கிள் ஓசை பின்னால் நெருங்கினால் செல்வி சுவரோடு ஒட்டி நிற்கிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அக்கா எழுந்து வந்து உதைப்பார்.

அடக்கத்துக்குப் போய் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்து ஒரே ஒரு முறை தட்டினேன். உள்ளே அழுகைச் சத்தம். கதவு திறக்கவில்லை. படியில் உட்கார்ந்தேன். அக்கா எனக்கென்று விட்டுப்போனது இந்தப் படிதான்.