பிறர் பொக்கற்றுக்குள் ஒரு கை

கவுன்ரரில் வைத்த கோட்டின் இடப்பக்கப் பொக்கற்றுக்குள் கிளடிஸ் அன்ரியின் கை போய்விட்டது. கோட்டைக் கொண்டுவந்தவர் இன்னும் தன் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை. இடது, வலது, உள்பக்கம், உள்பக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் சின்னப் பொக்கற். விரல்கள் அடிவரை போய், தையலோரத்தை ஒருமுறை வழித்துக்கொண்டு வெளியே வரும். வந்ததையெல்லாம் கவுன்ரரில் வரிசையாக வைப்பார். இருமல் மிட்டாய் ஒன்று, பஸ் அட்டை, நாலாக மடித்த ஒரு மருந்துத் துண்டு. வைத்துக்கொண்டே கோட்டுக்காரரின் முகத்தையும் ஒரு பார்வை பார்ப்பார்.

"டொக்டரிட்டப் போயிட்டு வாறியள் போல. சளி இன்னும் விடேல்லையோ?"

அந்த மனிதர் திகைத்துப்போய் இருமுவார்.

புலம்பெயர்ந்த எங்கள் சனம் நிறைந்த மல்வேர்னில் ஒரு பிளாசாவின் மூலையில், பல் வைத்தியருக்கும் இறைச்சிக்கடைக்கும் நடுவே எங்கள் ட்ரை கிளீனிங் கடை. கிளடிஸ் அன்ரி பத்தொன்பது வருடமாக முன்னுக்கு நிற்கிறார். நான் ஆறு வருடமாகப் பின்னுக்கு, அயன் மேசையில். நடுவில் திரை இல்லை. அவர் கதைப்பார், நான் தலையாட்டுவேன். இருவருக்கும் அது வசதி.

வயது அறுபத்திரண்டு. சொந்த ஊர் மன்னார், பேசாலை. குட்டையான உருவம், நரையை மறைக்காத தலை, நீல ஏப்ரன். உட்காரமாட்டார். முதலாளி கிருபன் அவருக்கென்று ஒரு நாற்காலி வாங்கிப் போட்டான். அதில் இன்றைக்கும் ஊசி நூல் பெட்டிதான் இருக்கிறது. பிளேன்ரீயை ஊற்றி ஒரு வாய் குடித்து, எங்கேயோ வைத்துவிட்டு, மறந்துபோய் இன்னொன்று ஊற்றுவார். மத்தியானம் ஆகும்போது கடையில் மூன்று இடத்தில் ஆறிய தேநீர் இருக்கும். ஆட்கள் வராவிட்டால், உடுப்புகள் தொங்கும் மேல் சங்கிலியின் பொத்தானை அழுத்தி, எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்ற விடுவார். கோட்டுகளும் சேலைகளும் அவரைக் கடந்து ஊர்வலம் போகும். "நிண்ட இடத்தில நிண்டா எனக்கு நெஞ்சு அடைக்கும், பிள்ளை" என்பார். நிற்பது உடுப்புகளா அவரா என்று நான் கேட்டதில்லை.

காலை பத்தரைக்கு மட்டும் கண்கள் ஓரிடத்தில் நிற்கும். மேல் தட்டில் ஒரு சின்ன ரீவி. பழைய நிகழ்ச்சிகளே ஓடும் சனலில் அந்த நேரம் ஒரு கறுப்பு வெள்ளைத் துப்பறியும் தொடர். அதில் வரும் பொலிஸ் அதிகாரி பரம்பரைப் பணக்காரன். விருந்துக்கு நடுவில் ரெலிபோன் வரும். பக்கத்தில் இருக்கிற அழகியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வெள்ளைக் கழுத்துத்துணியோடு, நீளமான காரில், சாரதி கதவு திறந்துவிட, பிணம் கிடக்கும் இடத்துக்கு வந்து இறங்குவான். அன்ரி அவனுக்கு வைத்த பெயர் 'துரை'. அவருக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்காது. விளங்க வேண்டிய தேவையும் இல்லை. துரை செத்தவனுடைய கோட்டைத் தூக்கிப் பொக்கற்றுக்குள் கை விடும்போது, இங்கே பொத்தான்களைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கும் அன்ரியின் கை ஒரு கணம் நிற்கும்.

"இடப்பக்கம் பார்த்தவன், உள்ளுக்குப் பார்க்கேல்லை. விசரன்" என்பார்.

கொலைகாரன் யார் என்பதில் அவருக்கு அக்கறை குறைவு. உடுப்பில்தான் கண். "அந்த மனிசி விருந்துக்குப் போகேல்லை. கீழ்க்கரையில சேறு கிடக்கு, பாரும்." சில நாள் அவர் சொன்னது சரியாக வரும். வராத நாளில், படம் எடுத்தவர்களுக்கு உடுப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு உடுப்பிலும் குத்தும் இலக்கத் துண்டின் பின்புறத்தில், கழுவுவதற்கு முன், கறை எங்கே, என்ன கறை என்று பென்சிலால் தமிழில் எழுதிவைப்பார். 'நெஞ்சு, இறால் குழம்பு.' 'முதுகு, சந்தனம், பழசு.' 'கரை, மெழுகு.' சும்மா 'கறை' என்று எழுதினால் போதும் என்று கிருபன் எத்தனையோ தரம் சொல்லிவிட்டான். "எண்ணெய்க்கு ஒரு மருந்து, மஞ்சளுக்கு ஒரு மருந்து, தம்பி. என்னெண்டு தெரியாமல் எப்பிடிக் கழுவுறது?" என்று கேட்டுவிட்டு, தன்பாட்டில் எழுதுவார்.

இந்த ஜனவரியில், ஒரு திங்கட்கிழமை, பக்கத்து ரூஜிலிருந்து றஜிதா வந்தா. நாற்பத்தைந்து வயதிருக்கும். காரை ஸ்ரார்ட்டில் விட்டுவிட்டு, காதில் போனோடு உள்ளே வந்து, நீளமான மெரூன் கம்பளிக் கோட்டைக் கவுன்ரரில் போட்டா. ரசீதுத் துண்டைக் கிழித்துக் கொடுக்கும்வரைக்கும் கூட நிற்கவில்லை, போய்விட்டா. அன்ரி வழக்கம்போலப் பொக்கற்றுகளைப் பார்த்தார். வெள்ளித்தாளில் சுற்றிய கலியாணக் கேக் துண்டு, பார்க்கிங் ரிக்கற், ஒரு ஊசி. மூன்றையும் பெயர் எழுதிய ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டுவைத்தார்.

வியாழக்கிழமை கிருபனின் போனுக்கு அழைப்பு வந்தது. றஜிதாவின் தாலிக்கொடியைக் காணவில்லை.

சனிக்கிழமை கலியாண வீட்டுக்குப் போட்ட கொடி. கலியாணம் முடிந்து ஹோலுக்கு வெளியே, பார்க்கிங்கில், பயத்தில் கழற்றிக் கோட்டின் உள் பொக்கற்றுக்குள் வைத்தது அவவுக்கு நல்ல ஞாபகம். வீட்டில் எல்லா இடமும் தேடியாயிற்று. கோட் போன இடம் எங்கள் கடை.

தங்கத்துக்கென்றே வீடு உடைக்கிறார்கள் என்ற கதை அந்தப் பக்கத்தில் ஓயாத கதை. கொண்டாட்டம் முடிந்து வந்தால், உடுப்பு மாற்ற முன் நகையை ஒளிக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு தரம் ஒளிக்கக் கூடாது. பிறகு ஒளித்தவரே தேடவேண்டும். இதெல்லாம் தெரிந்தும், அந்த வியாழக்கிழமை எங்கள் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

கடைக் கமெரா கதவைத்தான் பார்க்கும். கிருபன் என்னிடம் வந்து, "அக்கா, நீங்கள் பார்த்தனீங்களோ?" என்று கேட்டான். அந்த நேரம் நான் முதுகு காட்டி அயன் பிடித்துக்கொண்டிருந்தேன். அதையே சொன்னேன். உண்மைதான். அன்ரி எடுத்திருக்கமாட்டார் என்பதும் உண்மை. அது வாயில் வருவதற்குள் கிருபன் திரும்பிவிட்டான். அன்ரி என் பக்கம் பார்க்கவில்லை.

"அன்ரி, நான் உங்களை ஒண்டும் சொல்லேல்லை. ஜஸ்ற் ரெண்டு கிழமை ஓவ் எடுத்து வீட்டில நில்லுங்கோவன். அவ எங்கட ஆக்களின்ர வட்சப் குறூப்பில கடையின்ர பெயரைப் போட்டிட்டா. சனம் போன் எடுத்துக் கேக்குது."

"வீட்டில நிண்டால் எடுத்தது நான்தான் எண்டு ஆகிடும், தம்பி."

"அப்பிடியில்லை அன்ரி..."

"அப்ப எப்பிடி?"

 அடுத்த வெள்ளிவரைக்கும் பார்ப்போம் என்றான் கிருபன். அதற்குள் கொடி வராவிட்டால் பொலிசுக்குப் போவதாக றஜிதா சொல்லியிருந்தா.

அதன்பிறகு அன்ரியைப் பார்த்துக்கொண்டு நிற்பதே கஷ்டமாக இருந்தது. துடைத்த கவுன்ரரைத் துடைத்தார். மெசின் வடிகட்டியிலிருந்த பஞ்சை நாலு தரம் எடுத்தார். ஹாங்கர்களைக் கம்பி வேறு, பிளாஸ்ரிக் வேறு என்று பிரித்து, பிறகு கலந்து, திரும்பப் பிரித்தார். ஆறிய தேநீர் ஐந்து இடத்தில் இருந்தது. பத்தரைக்கு ரீவியில் தொடர் வழக்கம்போலத் தொடங்கியது. துரை காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். அன்ரி நாற்காலியைத் தள்ளிவைத்து ஏறி அதை நிற்பாட்டினார்.

"அவனுக்கு என்ன" என்றார், கீழே இறங்காமலே. "காசுக்காரன். அவன் அடுத்தவன்ர பொக்கற்றுக்குள்ள கை விட்டால் விசாரணை. நான் விட்டால் களவு."

ஞாயிறு பூசைக்குப் போய்வந்ததைத் திங்கள் சொன்னார். "சமாதானம் சொல்லிக் கை குடுக்கேக்க, முன் வாங்கு மனிசி தலையை மட்டும் ஆட்டினவ. கை தரேல்லை." சொல்லிவிட்டுத் தன் வலது கையை ஏப்ரனில் துடைத்தார். அதில் ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை நல்ல பனி. பத்து மணிவரை ஒருவரும் வரவில்லை. அன்ரி சங்கிலியைச் சுற்றவிட்டார். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. சங்கிலி சூடாகிவிடும் என்று சொல்ல நினைத்தேன். மெரூன் கோட் நாலாம் முறை வந்தபோது பொத்தானிலிருந்து கையை எடுத்தார். அது கழுவிக் காய்ந்து, பொலித்தீன் உறைக்குள் எடுக்க ஆளில்லாமல் தொங்கியது; கொடி கிடைக்காமல் கோட்டும் வேண்டாம் என்று றஜிதா சொல்லிவிட்டா. அன்ரி உறையைத் தூக்கி, இலக்கத் துண்டைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார்.

"இஞ்ச வாரும், பிள்ளை."

போனேன். அவருடைய பென்சில் எழுத்து: 'வலக்கை. முழங்கைக்கு மேல நாலு விரல் உயரம். அரிசித்தூள். இடக்கை சுத்தம்.'

"கோட்டோட ஆர் உலைக்கு அரிசி போடுறது?"

"ஒருத்தரும் போடாயினம்" என்றேன்.

"அப்பிடிப் போட்டாலும் அரிசி அளக்கிற சுண்டு இருக்கு. விரலிலதான் தூள் படும். இவவுக்கு முழங்கைக்கும் மேல போயிருக்கு." தன் கையை ஒரு கண்ணுக்குத் தெரியாத வாளிக்குள் மெல்ல இறக்கிக் காட்டினார். முழங்கை மறைந்த இடத்தில் நின்று என்னைப் பார்த்தார். "ஒண்டை அடியில வைக்கத்தான் இவ்வளவு கீழ போகவேணும்."

கிருபனைக் கூப்பிடவில்லை. கடைப் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கவுன்ரரில் வைத்தார். கைகள் பொத்தான் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தன.

"றஜிதாவோ? நான் கிளடிஸ், கடையிலயிருந்து."

"முதலாளியிட்டக் குடுங்கோ."

"முதலாளி வேண்டாம், பிள்ளை. ஒரே ஒரு கேள்வி. கலியாண வீட்டால வந்து, கோட்டைக் கழட்டாமல் அரிசி வாளிக்குள்ள கை விட்டனீங்களோ?"



"அரிசி வாளி பார்த்தாச்சு. மேலால கிண்டிப் பார்த்தனான்."

"பிறகு ஆரும் அதுக்குள்ள அரிசி கொட்டினவையோ?"

 றஜிதாவின் குரல் சின்னதாக வந்தது. "ஞாயிற்றுக்கிழமை இவர் புது மூட்டை ஒண்டு வாங்கிவந்து..."

போனை எங்கேயோ வைத்தா. வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அரிசி தரையில் கொட்டத் தொடங்கியது. கடை முழுக்க மழை பெய்வதுபோல் இருந்தது. அன்ரி பொத்தான் பெட்டியிலிருந்து கையை எடுக்காமல் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மழை நின்றது. மாபிள் தரையில் எதுவோ உலோகமாக விழுந்தது. றஜிதா அழுத சத்தம் தூரத்தில் கேட்டது. அன்ரி போனை வைத்தார்.

"தேத்தண்ணி ஊத்தப்போறன். உமக்கு?" என்றார்.

வட்சப் குறூப்பில் அன்று பின்னேரமே செய்தி வந்தது. கொடி கிடைத்துவிட்டது, கடவுளுக்கு நன்றி என்று. கிருபன் வாசித்துக் காட்டினான். அன்ரியின் பெயர் அதில் இல்லை. கடையின் பெயரும் இல்லை.

"அன்ரி, உங்களைப் பொலிசில வேலைக்கு எடுக்கலாம்" என்று சிரித்தான். அவனுக்கு வேறு எப்படிக் கதைப்பது என்று தெரியவில்லை.

"ஓம், எடுப்பினம். நீட்டுக் காரும் ட்ரைவரும் தருவினமோ எண்டு கேட்டுச் சொல்லும், தம்பி."

சனிக்கிழமை றஜிதா வந்தா. இந்த முறை கார் நிற்பாட்டியிருந்தது, போன் கையில் இல்லை. ஒரு பெட்டி றோல்ஸும், மனிசனின் சாம்பல்நிற சூட்டும் கொண்டுவந்திருந்தா. அடுத்த கிழமை இன்னொரு கலியாணமாம்.

"அன்ரி, என்ன சொல்றதெண்டு தெரியேல்லை. அண்டைக்குப் பதட்டத்தில..."

"பரவாயில்லைப் பிள்ளை. பதட்டம் ஆருக்கும் வரும்தானே."

"கோபமோ?"

"எனக்கென்ன கோபம்? றோல்ஸ் மாட்டிறைச்சியோ, மீனோ?"

மீன் என்றா. அன்ரி பெட்டியை வாங்கி என் பக்கம் நீட்டினார். பெயரைக் கேட்டுத் துண்டு எழுதினார், அவருக்குத் தெரிந்த பெயரை. பிறகு சூட்டை ஹாங்கரின் கொளுவியில் இரண்டு விரலால் தூக்கி, கவுன்ரரின் அந்தப் பக்கத்துக்கு, றஜிதாவுக்கு முன்னால், நகர்த்தி வைத்தார்.

"பொக்கற்றுகளைப் பாருங்கோ."

"நீங்களே பாருங்கோவன் அன்ரி, எப்பவும் நீங்கள்தானே..."

 அன்ரி கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டார். பின்னால் நின்ற எனக்கு அவை தெரிந்தன. ஆறு வருடத்தில் அவை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. றஜிதா இடது பொக்கற்றை வெளியே இழுத்துக் காட்டினா, பிறகு வலது, பிறகு உள்பக்கம். வெள்ளைத் துணி ஒவ்வொன்றாக வெளியே தொங்கியது. சின்னப் பொக்கற் ஒன்று மிச்சம் இருந்தது. அன்ரி நாடியை நீட்டி அதைக் காட்டினார். கைகள் பின்னாலேயே இருந்தன.